கஞ்சி வேகும் முன் வந்த அழைப்பு

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஐப்பு வீட்டுக்கு அவிராச்சன் நனைந்த குடையோடு வந்தார். காயல் நடுவே படகில்தான் போக முடிகிற கைநகரியில் தனியாக வாழும் முதியவர் அவர்.

"துபாய் போன என் பையன் சாபு மூணு நாளா போன் எடுக்கல சார். உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க."

"போய்ச் சேர்ந்ததும் பேசினானா?"

"பேசினான். அதான் பயமே. பதினைஞ்சு வருஷமா, நான் கஞ்சி குடிச்சு, தட்டைக் கழுவினப்புறம் ரெண்டு மணிக்குத்தான் கூப்பிடுவான். அன்னைக்குக் கஞ்சி வேகறதுக்குள்ள, பன்னிரண்டரைக்கே 'இறங்கிட்டேன் அப்பச்சா'ன்னான். தகரத்துல மழை கொட்டற சத்தம். ஒரு சேவல் வேற கூவிச்சு."

விமானம் காலை பத்து மணிக்குக் கிளம்பியிருந்தது. நான்கு மணி நேரப் பயணம்; இறங்கவே இரண்டு மணி ஆகியிருக்க வேண்டும்.

"காத்து பின்னாலிருந்து தள்ளியிருக்கும் சார்!" என்றாள் டாக்சி ஓட்டும் பிந்து. ஐப்புவின் வழக்குகள் எல்லாம் தன்னுடையவை என்பது அவள் எண்ணம்.

"தள்ளினாலும் ஒன்றரை மணி நேரமா தள்ளும்?" என்றார் ஐப்பு.

"அப்போ வேற யாரோ சாபு மாதிரி பேசியிருக்கான்."

"என் பையன் குரல் எனக்குத் தெரியாதா மோளே?"

ஐப்பு அவிராச்சன் பக்கம் திரும்பினார். "விமானம் ஏறும் முன்னால சாபு எங்கேயாவது போவானா?"

"ஏர்போர்ட் போற வழியில, அங்கமாலிப் பக்கம் ஒரு குருசடி, சின்னச் சிலுவைக் கோயில். ஒவ்வொரு தடவையும் மெழுகுதிரி ஏத்திட்டுத்தான் போவான். பின்னால யாத்திரைக்காரங்க தங்கற தகரக் கொட்டகை இருக்கு."

"நீங்க வீட்டுக்குப் போங்க. பையன் உயிரோடதான் இருக்கான். கூட்டிட்டு வர்றோம்."

வண்டியில் பிந்துவால் பொறுக்க முடியவில்லை. "எப்படி சார்?"

"துபாய்ல இறங்கினா போன் தானே அந்த ஊர் நேரத்துக்கு மாறிடும். அங்கே பன்னிரண்டரைன்னா இங்கே ரெண்டு. பதினைஞ்சு வருஷமா போன்ல பன்னிரண்டரை ஆனதும் அப்பாவைக் கூப்பிட்டுப் பழகினவன். அன்னைக்கும் பழக்கத்துல கூப்பிட்டான். ஆனா போன்ல நம்ம ஊர் நேரம்தான் ஓடிட்டிருந்தது."

"அப்போ விமானத்துல ஏறவே இல்லையா!"

"ஏறல. மழையும் சேவலும் இங்கேதான்னு சொல்லுது. ஏறாமலே இறங்கிட்டேன்னு பொய் சொல்றான்னா மனசு உடைஞ்சிருக்கணும்; அப்படிப்பட்டவன் தெரிஞ்ச இடத்துக்குத்தான் போவான்."

தகரக் கொட்டகையில் பெட்டியருகே சாபு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மடியில் வாழையிலைப் பொட்டலம், கட்டு பிரிக்காமல்.

"இறைச்சி வறுவல். அங்கே போய்ச் சாப்பிடுன்னு அப்பச்சன் கட்டிக் கொடுத்தது" என்றான். "வேலை போயிடுச்சு, வராதேன்னு அன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. இந்தப் பெட்டியோட திரும்பிப் போய் எப்படி நிக்கறது சார்?"

ஐப்பு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்கப்பா உன் வேலை எங்கேன்னு கேக்கல. நீ எங்கேன்னுதான் கேட்டார்."

குருசடியில் ஒரு திரியை ஏற்றிவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

கைநகரியில் படகு கரை சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அவிராச்சன் மகனை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளே போய் இரண்டாவது தட்டை எடுத்துத் துடைத்தார்.

"இப்பத்தான்டா சரியான நேரத்துக்கு வந்திருக்கே" என்றார். "கஞ்சி வெந்தாச்சு."