ஒரே தண்டில் இருவகை இலை

தீவின் தென்கரையில் இருந்த சுயாக் ஊருக்குத் தெய்வானை குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு யொலாந்த்துடன் தோழியாகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

யொலாந்த் வீட்டு முற்றத்தில் ஒரு காட்டுப் பழச்செடி உண்டு. கரோல் புயல் அதைச் சாய்த்துவிட்டது. பிழைத்த ஒரே கிளையில் அகன்ற பச்சை இலைகளும் கருஞ்சிவப்புப் பழங்களும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை யொலாந்த் மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். தெய்வானை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். செடியடியில் ஊசி போன்ற சிவந்த இலைகளோடு நிறையச் சிறு செடிகள் முளைத்திருந்தன.

“எவ்வளவு களை!” என்று வேலியைத் தாண்டிப் போய் எல்லாவற்றையும் பிடுங்கித் தன் வீட்டுக் கொல்லையில் எறிந்தாள். யொலாந்த் மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தாள்.

யொலாந்த் வந்தாள். வெறும் மண்ணைப் பார்த்து அழுதாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பையன் எடியும் தெய்வானையும் ஓடிவந்தார்கள்.

“என் பழச்செடிக் கன்னெல்லாம் போச்சே! எடி, உன் ஆடுதானே தின்னுச்சு?”

எடி திகைத்தான். “என் ஆடு கட்டித்தான் இருந்துச்சு!”

“பொய்! இனி எங்க வீட்டுப் பக்கம் வராதே!”

எடி தலையைக் குனிந்துகொண்டு போனான். தெய்வானை மண் ஒட்டிய கைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள். முகம் நெருப்பாகச் சுட்டது.

கன்றா? அந்த ஊசி இலையா? கொல்லைக்கு ஓடினாள். குவியலைக் கிளறினாள். கொஞ்சம் உயரமான ஒன்று கைக்கு வந்தது. கீழே ஊசி இலை. உச்சியில் அகன்ற பச்சை இலை. சின்ன வயதில் ஒருவிதம், வளர்ந்ததும் வேறுவிதம்!

வாடியிருந்தாலும் வேர்கள் ஈரமாகவே இருந்தன. அவற்றை நனைந்த சாக்கில் சுற்றினாள். முதலில் எடியிடம் போனாள். “என்கூட வா” என்று அழைத்து வந்தாள்.

“யொலாந்த், ஆடு இல்ல. நான்தான் களைன்னு பிடுங்கினேன். நீ எடியைத் திட்டினப்பவும் சும்மா நின்னேன்.”

யொலாந்த் சாக்கைப் பிரித்தாள். பிறகு எடியைப் பார்த்தாள். அவள் முகமும் சிவந்தது. “மன்னிச்சுக்கோ, எடி.”

“சரி சரி, செடி சாகுது! எரு கொண்டாறேன். என் ஆடு தந்தது” என்று ஓடினான் எடி.

மூவரும் நட்டார்கள். பல கன்றுகள் கருகின. சில பிழைத்தன.

அதற்குப் பிறகு எடி தெய்வானையை “ஆட்டுக்குட்டி” என்றுதான் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காது சிவக்கும். ஆனாலும், “ம்மே!” என்று பதில் கொடுத்துவிடுவாள்.