பழையதன் பக்கத்தில்

பேட்டரியைக் கழற்றி மேசையின் மறுமுனையில் வைத்திருந்தார்கள். மின்கம்பி எதுவும் செருகியிருக்கவில்லை. இருந்தும் அந்தப் பழைய மடிக்கணினியின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. வேலை செய்து களைத்த இயந்திரத்தின் சூடு அல்ல அது. பேருந்தில் யாரோ அப்போதுதான் எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்தால் தொடையில் தெரியுமே, அந்தச் சூடு. வாங்க வந்தவர் கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு ‘விடுதலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் டிபன் டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் ஆரம்பித்துவிடுவார். காசு கொடுத்து அடிமையாக இருக்கிறோம், லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது, அது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் சொந்தம் என்று பல வருடங்களாக ஒரே பிரசங்கம். வாழ்நாளில் ஒரு கணினியிலும் அவர் அதைப் போட்டதில்லை என்ற சங்கதி வெளியே வராமல் இருந்ததற்குக் காரணம், ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான். போன வாரம் காசாளர் அம்மா கேட்டுவிட்டார். “உங்க வீட்ல எதுல சார் ஓடுது?” மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. புதிதாக ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்று விடுதலை சொன்னார்.

அதற்காகத்தான் இந்தப் பழைய கணினிக் கடை. படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அலுவலகங்களில் ஓட்டிக் கழித்த மாடல்தான் உழைக்கும், வேகமான எஸ்எஸ்டி வட்டு இருக்க வேண்டும், ரேம் நினைவகத்தை நாமே கூட்டிக்கொள்ள வழி இருக்க வேண்டும், வாங்குமுன் கடையிலேயே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பென் டிரைவ் சட்டைப்பையில் இருந்தது. அதிலிருந்து கிளப்ப எந்த விசையை எப்போது அழுத்துவது என்பதுதான் மறந்துபோயிருந்தது. கடைக்காரர் பார்க்கத் தடவிக்கொண்டு நிற்பதா? தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல மூடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

“ஒரே ஆள் வெச்சிருந்தது சார்,” என்றார் கடைக்காரர். “மொத்தமா அழிச்சுக் குடுத்துடறேன்.”

“வேண்டாம். அதெல்லாம் எனக்குத் தெரியும்.”

“இல்ல சார், இதை மட்டும் அழிச்சுட்டுக் குடுங்கன்னு கொண்டுவந்தவங்களே சொன்னாங்க. ஒரு அம்மாவும் பொண்ணும். வீட்டுக்காரரோட மிஷினாம்.”

அந்த வீட்டுக்காரர் இப்போது இல்லையா என்று விடுதலை விசாரித்தார்.

“இருக்காரே. வாசல்ல கார்லதான் உக்காந்திருந்தாரு. நல்ல சிரிச்ச முகம்.” கடைக்காரர் கல்லாவைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “அவங்க ரெண்டு பேரும்தான் அவரு பக்கம் திரும்பவே இல்ல.”

திரைக்கு மேலே இருந்த கேமராவின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, விரலில் காயம் பட்டால் போடுகிற தோல் நிறப் பிளாஸ்திரி. கணினி முழுக்கத் தூசி. பிளாஸ்திரியில் மட்டும் தூசி இல்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தார், வரவில்லை. அந்த வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி வந்து செய்த ஒரே காரியம் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போனதுதான் என்றார் கடைக்காரர்.

மறுநாள் ஞாயிறு, மழை. மனைவி சாப்பாட்டு மேசையில் பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். விடுதலை சோபாவின் நடுவில், தன் இடத்தில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாலையானால் அந்த நடு இடத்தில் அவர் சாய்வார், மகள் அவர் தோளில் சாய்வாள், மனைவி காலை நீட்டி அவர் மடியில் போடுவாள். அவர் எதையும் தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ளாத ஒரே நேரம் அது.

விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து ஒருவழியாகக் கிளப்பியதும், நிறுவல் திரை ஒரு கேள்வி கேட்டது. வட்டிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா, பழையதன் பக்கத்தில் நிறுவவா?

ஊருக்கு உபதேசம் செய்தவர் இங்கே விரலை எடுத்துக்கொண்டார். லினக்ஸ் ஏதாவது படுத்தினால்? அலுவலகக் கோப்பு திறக்காமல் போனால்? சீட்டு விளையாட்டு அதில் உண்டோ இல்லையோ? சுதந்திரப் போராளிக்கு ஒரு ஜாமீன் தேவைப்பட்டது, பழைய இயங்குதளமும் ஓரமாக இருக்கட்டும். ‘பழையதன் பக்கத்தில்’ என்பதை அழுத்தினார். வட்டு ஒரு நீளமான பட்டையாக வந்தது, நடுவில் ஒரு கோடு. கோட்டை இழுத்துத் தனக்குப் பெரும்பங்கும், பழையதற்கு ஓரத்தில் ஒரு கீற்றும் வைத்தார்.

எட்டிப் பார்த்த மனைவி, “என்ன, ஒண்டுக்குடித்தனமா?” என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வெற்றி அறிவிக்கப்பட்டது. காசாளர் அம்மா கை தட்டினார். எல்லாவற்றையும் துடைத்துப்போட்டுவிட்டுச் சுத்தமாக நிறுவியதாக விடுதலை சொல்லிக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் தற்செயலாக வட்டுப் பட்டையைத் திறந்தார். கோடு நகர்ந்திருந்தது. கீற்றாக இருந்த பழையது ஒரு சாண் அகலத்துக்கு வந்திருந்தது. தன் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தார், இன்னும் கொஞ்சம். பழைய பக்கத்தைத் திறந்து பார்க்கப்போனால் அது கடவுச்சொல் கேட்டது. பெயரோ படமோ எதுவும் இல்லை. விசிறியின் சத்தம் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது, மூக்கடைத்த ஒருவர் பொறுமையாகக் காத்திருப்பதைப் போல.

யாரிடம் கேட்பது? அலுவலகத்தில் கேட்டால் மானம் போகும். இணையக் குழு ஒன்றில், விஷயம் தெரியாத ஒரு நண்பருக்காகக் கேட்பதாகப் பொய் சொல்லிக் கேட்டார். ஒரே ஒரு பதில் வந்தது. கோடு தானாக நகராது, உங்கள் நண்பர் வீட்டில் யாரோ நகர்த்துகிறார்கள்.

வீட்டில் வேறு சில சங்கதிகளும் நகர்ந்தன. சோபாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கும்போது ஓரத்துக் கைப்பிடியோடு ஒட்டியிருப்பார். எப்போது தள்ளி உட்கார்ந்தோம் என்று தெரியாது. பக்கத்து மெத்தையில் கை வைத்தால் வெதுவெதுப்பு. ஈரத்துணியை மடித்து வைத்த வாடை. காலையில் கட்டிலின் விளிம்பில், ஒரு கால் தரையில் ஊன்றியபடி விழித்தார். மனைவி இரண்டு கோப்பை டீ கொண்டுவந்து வைத்தாள். ஒன்று போதாதா என்று அவர் கேட்டபோது, உள்ளேயிருந்து குரல் கொடுத்ததே நீங்கள்தானே என்று முறைத்தாள். அவர் குரல் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது கோப்பையும் காலியாகியிருந்தது.

ஒரு மாலை மகள் சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். இவர் இந்தக் கோடியில். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம். கிட்ட வந்து உட்காரச் சொன்னார்.

வண்ணப் பென்சிலைச் சீவிக்கொண்டே அவள் சொன்னாள். “அங்க ஆள் இருக்குப்பா.”

சொல்லிவிட்டுச் சாய்ந்தாள். தலை கீழே விழவில்லை. காற்றில், ஒரு தோள் உயரத்தில், நின்றது.

அவர் எழுந்து மனைவி இருந்த அறைவரை போனார். மனைவியிடம் சொல்லலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? அழிக்கவில்லை, அழித்ததாகச் சொன்னது பொய், எனக்கு ஒன்றும் தெரியாது என்றா? அந்தக் கடைசி மூன்று சொற்கள் தொண்டைவரை வந்தன. அவற்றைச் சொல்லிப் பழக்கமே இல்லை. விழுங்கிவிட்டார்.

சனிக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மொத்தத்தையும் அழித்துவிட முடிவு செய்தார். மனைவியும் மகளும் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள். வானம் மூட்டமாக இருந்ததால் கூடத்தில் விளக்கைப் போட்டார். சோபாவில் உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்து, பென் டிரைவைச் செருகினார். நிறுவல் திரை வந்தது. அதே கேள்வி. ஆனால் இந்த முறை பட்டையில் கோடு இல்லை. ஒரே நிறம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பழையது மட்டும். அவருடைய பங்கு எங்கும் இல்லை. ‘அனைத்தையும் அழி’ என்பது மங்கிக் கிடந்தது. அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார்.

விசிறி நின்றது.

பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. தோல் நிறத்துக்குள்ளிருந்து சிவப்பாக, விரலை டார்ச்மேல் வைத்தால் தெரிவதைப் போல. பார்க்கப் பார்க்க அதன் ஓரம் தானாகச் சுருண்டது. விரல் வைத்ததும் கையோடு வந்தது. உட்பக்கம் ஈரமாக, சூடாக இருந்தது.

திரையில் கூடம் தெரிந்தது. கேமராவுக்கு முன்னால் இருக்கும் கூடம்தான். சுவர், கடிகாரம், சோபா.

சோபாவின் நடுவில் ஒருவர். அவருடைய சட்டை. அவருடைய கண்ணாடி. நல்ல சிரித்த முகம்.

தன்னைத்தானே பார்க்கிறோம், கண்ணாடி மாதிரித்தானே என்று நினைத்து, சோதிக்கக் கையைத் தூக்கினார். திரையிலிருந்தவர் தூக்கவில்லை.

கதவு திறக்கும் சத்தம். திரைக்குள் மனைவி வந்தாள், செருப்புப் பையோடு. மகள் ஓடிவந்து அந்த ஆளின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

விடுதலை திரும்ப முயன்றார். திரும்ப முடியவில்லை. கழுத்து இல்லை. மடியில் கணினியின் பாரம் இல்லை. மடியே இல்லை. அந்தச் செவ்வகம் மட்டும், எதிரே, வெளிச்சமாக.

மனைவி அந்த ஆளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

விடுதலை கத்தினார். எனக்குத் தெரியாது, எனக்கு ஒன்றும் தெரியாது, அழிக்கத் தெரியாது. எங்கோ விசிறி சுழலும் சத்தம்தான் கேட்டது.

“என்னங்க, இந்த மிஷினு கத்துது,” என்றாள் மனைவி. அந்த ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“பழசுதானே,” என்றார் அந்த ஆள், விடுதலையின் குரலில், எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. “குடுத்துடலாம்.”

முகம் நெருங்கி வந்தது. செவ்வகம் முழுக்க முகம். பிறகு கட்டைவிரல், ரேகை ரேகையாக. தோல் நிறத் துண்டு.

ஓரத்திலிருந்து இருட்டு.

கட்டைவிரல் அழுத்தியது.

ஈரத்துணி வாடை. வெதுவெதுப்பு. அந்த இருட்டில், மூக்கடைத்த மூச்சோடு, அவருக்கு இடம் விடுவதற்காக, முன்பே அங்கே அடைபட்டிருந்த யாரோ பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.