எலெக்ட்ரான் ஓடும் நேரம்

போன் அலறியது.

மேல்மாடி அறையில் புரொபசர் அதை எடுத்தாள். திரையில் 'சுருட்டை' என்றிருந்தது. அவளுடைய ஆராய்ச்சி உதவியாளன். தலைமுடியைப் பார்த்து அவளே வைத்த பெயர்.

"சொல்லுடா."

"மேடம்... தலை சுத்துது... குழிக்குள்ள... கால் துவளுது..."

அப்புறம் பேச்சில்லை. 'ஸ்ஸ்ஸ்...' என்ற சீறல் மட்டும்.

லேசர் அறையில் அப்படிச் சீறக்கூடியது ஆர்கான் சிலிண்டர் ஒன்றுதான். நிறம் கிடையாது. வாசனை கிடையாது. காற்றைவிடக் கனமான வாயு. பள்ளத்தில் தேங்கி, அங்கிருக்கும் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும்.

படிகளில் உருளாத குறையாக ஓடினாள்.

லேசர் மேஜைக்கு அடியில், ஒயர்கள் போகும் குழியில், குப்புறக் கிடந்தான் சுருட்டை.

சிலிண்டரை மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எப்படித் தூக்கி வெளியே போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி இருந்தது. நினைவு இல்லை.

*

இன்ஸ்பெக்டர் லேசர் அறையின் கதவைச் சாத்தினார்.

"விபத்தா மேடம்?"

"இல்ல. குழாயைக் கழட்டி குழிக்குள்ள விட்டிருக்காங்க. பிராணவாயு குறைஞ்சா அலாரம் அடிக்கணும். அதோட ஒயரையும் பிடுங்கியிருக்காங்க."

"வாயு விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அப்படியே இருக்கட்டும். வெளியே கரண்ட் ஷாக்னு சொல்லி வச்சிருக்கேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்கே நீங்க என்னதான் பண்றீங்க? என் மரமண்டைக்கு ஏறுற மாதிரி சொல்லுங்க."

"எலெக்ட்ரான் நகர்றதைப் படம் பிடிக்கிறோம். நீங்க கண் சிமிட்டற நேரத்தைக் கோடி கோடியா நறுக்கினா, அதுல ஒரு துணுக்குலயே அது நகர்ந்து முடிச்சிரும். லேசரையும் அவ்வளவு சின்னதா வெட்டி அடிச்சாத்தான் சிக்கும்."

"சிக்கி?"

"ஒரு சொட்டு ரத்தத்துல அடிச்சா, உள்ளே எலெக்ட்ரான் ஆடற ஆட்டத்தை வச்சுப் புற்றுநோய் இருக்கா இல்லையான்னு சொல்லலாம். என் கட்டுரையை நம்பி மெஷினே செஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கும் வந்தாச்சு."

அவள் எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள்.

"என் அக்காவுக்கும் அதுலதான் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் போச்சு. என் கணக்கு தப்பா இருந்தா... அக்கா கதி? அவளை மாதிரி எத்தனை பேரு? அதான் சுருட்டையை முதல்லேர்ந்து செஞ்சு பார்க்கச் சொன்னேன்."

"ரிசல்ட்?"

"இன்னைக்குச் சொல்றேன்னான்."

"தப்புன்னு வந்தா முதல்ல மானம் போறது உங்களுக்குத்தான். அவன் வாயை அடைக்க உங்களுக்கும் காரணம் இருக்கு."

"அடைக்கறவ எதுக்கு சார் குழிக்குள்ள குதிச்சு இழுத்துப் போடணும்?"

"நியாயம். அடுத்தது யார் மானம்?"

கதவு தட்டப்பட்டது.

துறைத் தலைவர் உள்ளே வந்தார். அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. உலகத்தில் எவன் எலெக்ட்ரானைப் பற்றி எழுதினாலும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் எழுத முடியாது. போகிற மேடையில் எல்லாம் அவர் பேச்சே அதில்தான் ஆரம்பிக்கும்.

"கேட்டதும் கை கால் ஓடல. கரண்ட் ஷாக்காமே?"

"ஆமா சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு உதவி. குழிக்குள்ள அந்தப் பையனோட மூக்குக்கண்ணாடி கிடக்கு. எனக்கு முட்டி மடங்காது. எடுத்துத் தர்றீங்களா? கரண்டை நிறுத்தியாச்சு."

துறைத் தலைவர் குழியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

நெஞ்சு உப்ப மூச்சை இழுத்தார். வாயை இறுக்கிக்கொண்டு குனிந்தார். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, விறுவிறுவென்று வாசல் வரை போன பிறகுதான் மூச்சை விட்டார்.

"எதுக்கு சார் மூச்சைப் பிடிச்சீங்க?"

"தூ... தூசி. ஒத்துக்காது."

"தூசிக்கு மூக்கைப் பொத்துவாங்க. நீங்க தண்ணிக்குள்ள முங்கப் போறவர் மாதிரி இழுத்தீங்க. குழியில வாயு இருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது? இப்போ அங்கே சுத்தமான காத்துதான். மேடம் எப்பவோ மாத்திட்டாங்க."

துறைத் தலைவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.

"அலாரம் ஒயர்ல ரேகை எடுத்தாச்சு. உங்க விரலையும் குடுத்தா வேலை முடிஞ்சிரும்."

துறைத் தலைவரின் கையிலிருந்த கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவரும் கதவு நிலையில் சாய்ந்தார்.

"நேத்து வராந்தாவுல அவன்கிட்ட ரிசல்ட் கேட்டேன். 'கட்டுரையில தப்பு இருக்கு சார், முதல்ல மேடம்கிட்டதான் சொல்வேன்'னான். எத்தனை வருஷப் பேரு... ஒரு பையன் வாயால போகணுமா? லேசரைக் குளிர வைக்கிற பம்பு குழியிலதான் இருக்கு. காலைல அதை நிறுத்தினேன். என்னாச்சுன்னு பார்க்கக் குழிக்குள்ள இறங்குவான்னு தெரியும்."

"பெத்த பிள்ளை மாதிரி உங்களைச் சுத்திச் சுத்தி வந்தானே சார்..." என்றாள் புரொபசர்.

அவளுடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். சுருட்டைக்கு நினைவு வந்துவிட்டதாம். பேசியே தீருவேன் என்கிறானாம்.

இன்ஸ்பெக்டர் சைகை காட்ட, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம்... ரிசல்ட்..."

"அது கிடக்கட்டும்டா. நீ எப்படி இருக்கே?"

"கட்டுரையில தப்பு இருக்கு மேடம்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அக்காவின் முகம் வந்து நின்றது.

"கருவியோட இரைச்சலை ரெண்டு தடவை கணக்குல சேர்த்துட்டோம். அதை எடுத்துட்டா, நாம எழுதினதைவிட இன்னும் துல்லியமா நோயைக் கண்டுபிடிக்குது. நம்ம கட்டுரை பெரிசு மேடம், நாமதான் குறைச்சு எழுதிட்டோம். அக்காவை நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

புரொபசர் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

துறைத் தலைவர் போனையே வெறித்துப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா உங்க கழுத்துல மாலை விழுந்திருக்கும். எலெக்ட்ரான்கூட இவ்வளவு அவசரப்படாது சார்."