உள்ளே ஒரு கை

முழங்கை வரை வயிற்றுக்குள் விட்டிருந்த அவள் கையை, உள்ளே ஏதோ ஒன்று மெல்லத் தட்டியது.

நாடித்துடிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆபரேஷன் மேஜையில் கிடந்தவன் கண்ணாடிக் கடை ஊழியன். உடைந்த கண்ணாடி வயிற்றில் பாய்ந்து, இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயையே கிழித்திருந்தது. கிழிசலுக்கு மேலே அந்தக் குழாயை முதுகெலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். விட்டால் ஆள் போய்விடுவான். வெளியே அவன் மனைவி, அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

குழாயைக் கவ்விப் பிடிக்கும் க்ளாம்ப் பழசு, போட்டால் வழுக்கியது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சிஸ்டரின் இரண்டு கைகளும் குடலை ஒதுக்கிப் பிடிப்பதில் மாட்டியிருந்தன. தைக்க வேண்டிய சீஃப் டாக்டர், மயக்க மருந்து டாக்டர் போன் போடும்போதெல்லாம் "இதோ வந்துட்டேன்" என்றார். எங்கே வந்தார்? பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு வந்திருப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளக்கின் சூடு உச்சந்தலையில் இறங்க, ரத்தம் உறிஞ்சும் மெஷின் களக் களக்கென்று விழுங்கிக்கொண்டே இருக்க, துருவும் தீய்ந்த கொழுப்பும் கலந்த வாடை முகமூடியைத் தாண்டித் தொண்டையில் ஒட்ட, விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போயின.

மறுபடியும் தட்டு. இந்த முறை இரண்டு.

அப்படித் தட்டுகிறவன் ஒருவன்தான். ஒட்டடை. அவளோடு வேலை பார்த்த டாக்டர்; ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். இப்படிக் குழாயைப் பிடிக்க வேண்டி வந்தால் இருவரும் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். அவன் தன் விரல்களை அவள் விரல்களுக்கு அடியில் நுழைத்து, பிடி கிடைத்ததும் இரண்டு தட்டு தட்டுவான். "நான் பிடிச்சுட்டேன், நீ எடு" என்று அர்த்தம்.

போன மாதம் இதே மேஜையில் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். சீஃப் சாவகாசமாக வந்தார். நோயாளி செத்தான். "பிடிச்சவனுக்குப் பிடிக்கத் தெரியல" என்று எல்லார் முன்னாலும் பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டார். அன்று வீடு திரும்பும்போது லாரியில் மோதி ஒட்டடை செத்துப்போனான்.

விரல்கள். அவள் விரல்களுக்கு அடியில். பந்து பட்டுக் கோணிய ஒட்டடையின் சுண்டுவிரல்.

"சிஸ்டர், உங்க கை எங்க?"

"இதோ இருக்கே டாக்டர். ரெண்டும்."

கதவு திறந்தது. சீஃப், கையுறையை இழுத்துவிட்டபடி.

"ஒரு குழாயைப் பிடிக்கக்கூட ஆளாளுக்கு அழுகை. எடும்மா கையை. எப்படிப் பிடிக்கணும்னு காட்டறேன்."

எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

அவர் கையை விட்டார். முகம் வெளுத்தது.

"இது... யார் கை?"

அவர் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"விடச் சொல்லும்மா. வலிக்குது. விடச் சொல்லு!"

அவளுக்குப் பயத்தில் பல் கிட்டியது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"ஆடாதீங்க சார். நான் தைக்கணும்."

தைத்தாள். கிழிசல் மூடியது. குழாய் துடித்தது. திரைக்குப் பின்னாலிருந்து மயக்க டாக்டர், "பிரஷர் ஏறுது! பொழைச்சுட்டான்!" என்று கத்தினார்.

சீஃப் அழுதுகொண்டிருந்தார். கை வரவில்லை.

"சிஸ்டர், வயித்தை மூடணும். நூல்."

கீழிருந்து தைத்துக்கொண்டே வந்தாள். தையல் அவர் முழங்கையைத் தொட்டது. ஊசி நின்றது.

உள்ளிருந்து தட்டியதில் மூடிய தோல் மெல்லப் புடைத்தது. ஒன்று. இரண்டு.

அவள் ஊசியை அவர் கையைச் சுற்றி ஓட்டினாள்.