உள்ளே இருப்பவர் தட்டுவார்

மூன்று தடவை தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தடவை பதில் வந்தது.

சுத்தியலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ரயில் பெட்டிக்குள் இறங்கக்கூடிய ஆள் அந்தக் கொட்டகையிலேயே ஒருவர்தான். அவள் புருஷன். அவரோ எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கண்ணுக்குள் கொண்டுவந்துகொள்ளுங்கள். மாட்டுத் தீவனத்துக்கான மக்காச்சோளம் ரயிலில் மூட்டையாக வருவதில்லை. பெட்டி நிறையக் கொட்டித்தான் வரும். நீளமான தகரக் கொட்டகைக்குள் ரயில் நுழையும். தண்டவாளத்துக்கு நடுவே கம்பித்தட்டு போட்டு மூடிய பெரிய குழி. பெட்டியைக் குழிக்கு நேராக நிறுத்தி, அதன் அடிவயிற்றிலிருக்கும் இரும்புக் கதவைக் கைச்சக்கரத்தால் திருகித் திறந்தால் சோளம் சரசரவென்று இறங்கும். திறப்பது அவள் வேலை. அதனால் அவள் எல்லோருக்கும் கதவுக்காரி. ஈரம் பட்ட சோளம் பெட்டியின் சுவரோடு கட்டியாக ஒட்டிக்கொண்டால், மேல்மூடி வழியாகக் கயிறு கட்டி இறங்கிக் கம்பியால் குத்திவிடுவது அவள் புருஷன் வேலை. அவர் கம்பிக்காரர்.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவனை நெட்டையன் என்பார்கள். போன மழைக்காலத்தில் அவன் உள்ளே நிற்பது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். காலுக்கடியில் சோளம் ஓட ஆரம்பித்தால் ஆளை நிற்க விடாது, இழுத்துக்கொள்ளும். அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான் தட்டல். திறக்கும் முன் வெளியிலிருந்து மூன்று தட்டு. உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு. இரண்டு கேட்டால் சக்கரத்தைத் தொடக் கூடாது.

அவள் போய் மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சோளத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்றார். திறந்தார்கள். பெட்டி காலியானது. உள்ளே யாரும் இல்லை.

"நானாயிருந்தா நம்ம வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரில்ல தட்டுவேன்," என்றார் புருஷன். "அதுகூடத் தெரியாதாடி?"

வேலை முடிந்து அவளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் அவர் கதவை ஒரு மாதிரி தட்டுவார். ஒன்று, கொஞ்சம் நிறுத்தி, மூன்று. பத்து வருஷமாக அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

அவள் அவருடைய வலது கையுறையை வாங்கி, கிழிந்திருந்த ஆள்காட்டி விரல் நுனியைத் தைக்க உட்கார்ந்தாள். பையில் சிவப்பு நூல்தான் இருந்தது. மாட்டிப் பார்த்த அவர், விரலில் ரத்தம் வந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். மறுபடி கிழித்துக்கொண்டு வந்தால் விரலையும் சேர்த்துத் தைத்துவிடுவேன் என்றாள். சொன்ன பிறகு ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பெட்டி. மூன்று தட்டு. உள்ளேயிருந்து இரண்டு.

மூன்றாவதிலும் அப்படித்தான்.

ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி ஏறிப் பார்த்தார், இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்டினார். வெளியே மழை வலுத்தது. சோளம் நனைந்துவிடக் கூடாதென்று கொட்டகையின் இரண்டு பக்கக் கதவுகளையும் இழுத்து மூடினார்கள். பிறகு தூசு வெளியேற வழியில்லை. தவிட்டு வாசனையும் புளித்த ஈர வாசனையும் கலந்து தொண்டையில் படிந்தன. விளக்குகள் மஞ்சள் கறைகளாகச் சுருங்கின. நடமாடும் ஆட்கள் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை ஒரே மஞ்சள், ஒரே முகமூடி. தகரக் கூரையில் மழை இடைவிடாமல் கொட்ட, குழிக்குள் சோளத்தை இழுத்துப் போகும் பெல்ட் உறுமிக்கொண்டே ஓடியது. அந்தச் சத்தங்களுக்கு அடியில் வேறொரு சத்தம் இருக்கிறதா என்று அவள் காது தானாகவே தேடியது.

நான்காவது பெட்டி வந்து நின்றது. மூலையில் கட்டி இருக்கும்போல, மேலே போய்ப் பார்க்கிறேன் என்று புருஷன் கம்பியோடு ஏணியில் ஏறினார். தூசு அவரை விழுங்கிக்கொண்டது.

அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏணி அதிர்ந்தது. மஞ்சளாக ஓர் உருவம் இறங்கி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. வந்துவிட்டார். அவளுக்கு மூச்சு வந்தது.

மூன்று தட்டினாள். இரண்டு கேட்டது.

"மழையில தகரம் குளிர்ந்தா டொக்கு டொக்குன்னுதான் சொல்லும்," என்று தூரத்திலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "காலிப் பெட்டிய இழுக்க இஞ்சின் வந்து நிக்குது. உன் ஆளு உன் பக்கத்துலதானே நிக்கிறாரு? திறம்மா."

ஆமாம், பக்கத்தில்தான் நிற்கிறார். இனி யாருக்காகப் பயப்பட வேண்டும்?

சக்கரத்தைத் திருப்பினாள். கதவு உள்ளங்கை அகலம் விலகியது. சோளம் இறங்கியது.

அப்போது உள்ளே மறுபடி தட்டல் கேட்டது.

ஒன்று.

கொஞ்சம் நிறுத்தி, மூன்று.

அவள் சக்கரத்தை மூடும் பக்கம் திருப்பினாள். நகரவில்லை. சோளம் ஓட ஆரம்பித்தால் அந்தக் கனத்துக்கு எதிராகக் கதவை மூட இரண்டு பேர் வேண்டும். முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினாள். அசையவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டாள். மழை அவள் குரலைத் தின்றது.

"என்னங்க," என்றாள் பின்னால் நின்றவரிடம், "ஒரு கை பிடிங்க. மூடணும்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன் அவள் உயரம்தான். இந்தக் கை அவள் தலைக்கு மேலிருந்து இறங்கி வந்தது. நீளமான கை. கையுறை முழுக்கச் சோளத்தூள். ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பு நூல் இல்லை.

அது சக்கரத்தைப் பிடித்தது. திருப்பியது.

திறக்கும் பக்கம்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். காலை உதைத்தாள். அந்தக் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் கழுத்துக்குப் பின்னால் மூச்சில்லை. முகமூடிக்குள்ளிருந்து ஏதோ உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. சோளமணி. இன்னொன்று. இன்னொன்று.

ஒன்று. மூன்று.

தட்டல் இப்போது பெட்டியின் பாதி உயரத்தில் கேட்டது.

ஒன்று. மூன்று.

இன்னும் கீழே. அவள் காதுக்கு நேராக. மெதுவாக, விரல் முட்டியால், வீட்டுக்கு வந்துவிட்டவர் தட்டுவதைப்போல.

ஒன்று.

சோளம் ஓடுவது நின்றது. எதுவோ வந்து அடைத்துக்கொண்டது.

கதவிடுக்கில், மஞ்சள் மணிகளுக்கு நடுவே, அவள் மத்தியானம் தைத்த சிவப்பு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அசைந்தது. பின்னாலிருந்த கை சக்கரத்தை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.