தொட்டில் விற்பனைக்கு

கேமரா வாங்கப் போனவர் பிணமாகக் கிடந்தார்.

காலி வீடு. புதுப் பெயின்ட் வாசனை. பின்மண்டை பிளந்து, ரத்தம் வெள்ளைச் சுவரில் மேற்கூரை வரை தெறித்திருந்தது.

கொண்டு போன பணம் இல்லை. செல்போனும் இல்லை.

அவர் மனைவி அழுகைக்கு நடுவே இன்ஸ்பெக்டரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். பழைய பொருள் விற்கும் ஆப்பில் 'மெக்கானிக் அக்கா' என்பவர் கேமரா விளம்பரம் போட்டிருந்தாராம். வாங்கியவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைப் புகழ்ந்திருந்ததால் இவர் நம்பிப் போனாராம்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அந்த மெக்கானிக் அக்காவின் பட்டறையில் நின்றார்.

அவள் ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தாள். கெட்டுப்போன மெஷின்களை வாங்கி, சரி செய்து, ஆப்பில் விற்பவள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

"எனக்கு கேமராவைப் பிடிக்கக்கூடத் தெரியாது சார்."

"உங்க கணக்குல வந்த விளம்பரம்மா."

ஆப்பைத் திறந்து காட்டினாள். எல்லாம் வாஷிங் மெஷின்கள்தான். வேலை முடிந்ததும் அழித்திருக்கலாமே என்றார் அவர். ஜீப்பில் ஏறச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் சார்..."

டைப் அடிப்பது அவளுக்கு ஆகாது. அதனால் அவள் தம்பி, போனில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். வாயால் கேட்டால், அவள் கணக்கிலுள்ள விளம்பரங்களை எடுத்து வந்து வாசிக்கும். அடுத்தவர் விளம்பரத்தைத் தொடாது.

"என் கணக்குல போட்ட எல்லாத்தையும் எடு. மறைச்சது, அழிச்சது... எதையும் விடாதே."

போனிலிருந்து ஒரு குரல் நிதானமாக வாசித்தது.

"நீக்கப்பட்டது ஒன்று. கேமரா. உங்கள் திரையில் மறைக்கப்பட்டது ஒன்று. மரத்தொட்டில். இது இன்னும் விற்பனையில் உள்ளது. வாங்குபவர் நேரில் பார்க்க வருவது, இன்று காலை பதினொரு மணி."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்றாகப் போகிறது!

தொட்டிலின் படம் திரையில் விரிந்தது. பின்னால் ஓர் ஏணி. அதன் உடைந்த கால் கோணலாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது.

மெக்கானிக் அக்காவின் முகம் வெளுத்தது. அந்த வெல்டிங் அவள் கைவேலை.

"என் தம்பி சார்," என்றாள்.

தம்பி பெயின்டர். அது அவன் ஏணி. காலி வீடுகளின் சாவி அவனிடம் இருக்கும். அவள் பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரியும். அம்மா போன பிறகு, அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள் இவள்தான்.

ஜீப் சீறியது.

விளம்பரத்தில் விலாசம் இருந்தது. வாங்க வருபவரின் போன் நம்பர் இல்லை. ஆப் வழியாகச் செய்தி மட்டும் அனுப்பலாம். கிரீஸ் படிந்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

அந்த வீட்டில்...

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தொட்டிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்டர் சிரித்த முகமாகப் பின்னால் நின்றான். முதுகுக்குப் பின்னே, கையில் இரும்புக் குழாய்.

"அடிப்பலகையைப் பாருங்கக்கா. நல்லாக் குனிஞ்சு பாருங்க."

அவள் குனியப் போனாள்.

குழாய் உயர்ந்தது.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'குனியாதே. பின்னாடி பாரு.'

ஜீப் வந்து நின்றபோது உள்ளே மரம் உடையும் சத்தம். அடுத்து ஓர் அலறல்... பாதியில் அறுந்தது.

மெக்கானிக் அக்கா முதல் ஆளாக ஓடிக் கதவை உதைத்தாள்.

தரையெல்லாம் ரத்தம். நடுவில் மல்லாந்து கிடந்தது... அவள் தம்பி!

நெற்றி பிளந்திருந்தது. ஒரு முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கர்ப்பிணி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். இடது கை முறிந்து தொங்க, வலது கையில் தொட்டிலின் பக்கப்பலகை. அதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா..." தம்பியின் வாயில் ரத்தம் கொப்பளித்தது. "நான் இல்லேன்னு... சொல்லுக்கா."

அவள் மண்டியிட்டாள். துப்பட்டாவைச் சுருட்டி அவன் தலைக் காயத்தில் அழுத்தினாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா பட்டறையவே குடுத்திருப்பேனேடா. எம்பேரை வெச்சு ஆளைக் கொன்னுட்டியே."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காயத்திலிருந்து கையை எடுக்காமலே, அவன் கையில் விலங்கு மாட்டச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மாட்டினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஒற்றைக் கையால் எப்படிச் சமாளித்தாள் என்று கர்ப்பிணியிடம் விசாரித்தார். சொந்தமாகக் கறிக்கடை வைத்திருப்பதாகவும், எலும்பு எங்கே விட்டுக்கொடுக்கும் என்பது பழகிப் போனதுதான் என்றும் சொன்னாள்.

பிறகு கையிலிருந்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மெக்கானிக் அக்கா நீங்கதானே? மரம் நல்ல உறுதி. ஆனா அடிபட்ட சரக்கு... விலையைப் பாத்துச் சொல்லுங்க."