முடிவுகாணி

"ஏறிடுச்சு! அண்ணே, ஏறிடுச்சு!" அல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தாள்.

தூறல் திட்டத்தின் இணையதளத்தில் ஒரு பக்கம் எழுதியவுடனே வெளியாவதென்றால் சும்மாவா? மொட்டைமாடி மழைமானிகளை ஒன்றாக இணைத்து, வெள்ளம் வருமுன் தெருவாரியாக எச்சரிக்கும் கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். மறுத்தார்கள், அடேயப்பா! ஒரு கால்புள்ளிக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். போன ஆண்டு எச்சரிக்கைப் பக்கம் விவாதத்தைத் தாண்டி வெளியே வருவதற்குள் வெள்ளமே வடிந்துவிட்டது.

அதனால்தான் முடிவுகாணி. பழைய விவாதங்கள் அத்தனையும் படித்த இயந்திரம். யார் எதிர்ப்பார், யார் விட்டுக்கொடுப்பார், கடைசியில் என்ன முடிவாகும் என்று கணித்து, அந்த முடிவையே உடனே வலையேற்றிவிடும். அதை அணைக்க உறுப்பினர் இருவர் வாய்விட்டு "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

"நான் இன்னும் வாயே தொறக்கலையே!" என்றார் திரையில் இஸ்மாயில். எதையும் லேசில் விடாத மனிதர், திட்டத்தின் ஆஸ்தான எதிர்க்கட்சி.

"தொறந்திருந்தா மூணு வாரம் ஓடியிருக்கும்ண்ணே. கடைசில எப்படியும் சரின்னுதானே சொல்லப்போறீங்க!"

அவரும் சிரித்துவிட்டார்.

ஐப்பசிக்குள் பக்கங்கள் மளமளவென்று ஏறின. விவாத அறை காலியாகக் கிடந்தது. அப்பாடா, நிம்மதி என்று நினைத்தாள் அல்லி. முதல் பெருமழைக்கு முன்பே வேளச்சேரிக்காரர்கள் எச்சரிக்கை பார்த்துக் கார்களை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டார்கள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை தளத்தில் அவள் பெயரிலேயே ஒரு பக்கம் இருந்தது: "தூறல் திட்டம் நிறைவடைந்தது. எச்சரிக்கைச் சேவை நிறுத்தப்பட்டது. அனைவருக்கும் நன்றி."

கீழே முடிவுகாணி சொன்ன காரணமும் இருந்தது. பேச வேலையில்லாத இடத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் அல்லியும் சலித்து இதைத்தான் எழுதுவாள். வரப்போகும் முடிவுதானே, இப்போதே வலையேற்றியாயிற்று.

வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தோடு மறுப்பு எழுதி அனுப்பினாள். மறுகணமே பதில் வந்தது: "இந்த மறுப்பைக் கடைசியில் நீங்களே திரும்பப் பெறுவீர்கள். திரும்பப் பெறப்பட்டது."

பதறிப்போய் இஸ்மாயிலை அழைத்தாள்.

"அண்ணே, இந்த மெஷினை அணைக்கணும்! நான் வாய்விட்டே வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னும் ஒருத்தர் சொன்னா போதும். சொல்லுங்கண்ணே!"

இஸ்மாயில் நிதானமாகத் தேநீரை உறிஞ்சினார்.

"எதுக்கும்மா வீணா வேண்டாம்னு சொல்லணும்? கடைசில எப்படியும் சரின்னுதானே சொல்லப்போறேன்."